நாளுக்கு 24 கறுப்பு உருண்டைகள்

கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது. கன்னங்கரேலென்று, எண்ணெய் தடவி வைத்தது போலப் பளபளக்கும். முகர்ந்தால் கருப்பட்டியும் பழைய மரப்பெட்டியும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. ஒரு புட்டியில் 200 உருண்டை. வேளைக்கு 8, நாளுக்கு மூன்று வேளை. கணக்குப் போட்டால் புட்டி எட்டு நாளைக்கு வரும், எட்டு உருண்டை மிஞ்சும். அந்த எட்டை ஒன்பதாம் நாள் காலையில் வெந்நீரோடு விழுங்கிவிட்டு அடுத்த புட்டி வாங்க ஓட வேண்டும்.

காது இரைச்சலுக்காக மூன்று மாதம் அப்படி ஓடினேன்.

என் இடது காதில் ஒரு சில்வண்டு இருக்கிறது. ஊரில் மழை விட்ட ராத்திரியில் வேலியோரம் கேட்குமே, அதே சத்தம். ஆனால் இது நிற்காது. பகலில் எம்ஆர்டி ரயில், காப்பிக்கடை, டிவி என்று மற்ற சத்தங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். ராத்திரி விளக்கை அணைத்ததும் வெளியே வரும். சிங்கப்பூரில் 14 வருடம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தேன். இரும்புத் தொட்டிக்குள் இறங்கித் துரு சுரண்டும் வேலை, கிரைண்டர் வேலை. சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பத் தலைக்குள்ளேயே வரும். காதடைப்பான் கொடுத்தார்கள். பாதி நேரம் அது என் சட்டைப் பையில் இருந்தது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

காது டாக்டர் எடுத்த ஆடியோகிராமை, அதாவது கேட்கும் திறனைக் கோடாக வரைந்த படத்தை, இன்னும் வைத்திருக்கிறேன். கோடு இடமிருந்து வலமாகச் சமதரையில் போகிற மாதிரி வந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் திடீரென்று பள்ளத்தில் விழுகிறது, பிறகு கொஞ்சம் மேலேறுகிறது. சத்தத்தால் கெட்ட காதின் கையெழுத்து அது. உள்காதில் மெல்லிய முடி போன்ற நீட்சிகளோடு சுமார் 15,000 செல்கள் இருக்கின்றன, அவைதான் அதிர்வை நரம்புக்குச் சொல்கின்றன, செத்தால் திரும்ப முளைக்காது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். கோழிக்குஞ்சுக்கு முளைக்குமாம். 1980களின் பிற்பகுதியில் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு முளைக்காது.

“அப்போ இந்தச் சத்தத்துக்கு மருந்து?”

“மருந்து கிடையாது. பழகிக்கொள்ளலாம். காது மெஷின் வைத்துப் பார்க்கலாம்.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று இப்போது தெரியும். அன்றைக்கு, பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது, கதவைச் சாத்திவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்பது நோயாளியிடம் சொல்லக்கூடிய சொற்களிலேயே கேட்க மிகக் கசப்பானது. காது மெஷின் என்றதும் எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. அது இன்னும் கசப்பு.

எங்கள் புளோக்கில் இரண்டு வீடு தள்ளி ஒரு சீன ஆன்ட்டி இருக்கிறார். எழுபது தாண்டியவர். கம்பத்து வீடுகளில், அதாவது அந்தக் காலத்துக் கிராமத்தில், தமிழர்களுக்கு நடுவே வளர்ந்தவர், அதனால் என்னை ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். லிஃப்டில் ஒரு நாள் என் காதுக் கதையைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குள் போய் ஒரு புட்டியோடு வந்தார். “நான் சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு. ஆனால் முதலில் என் சின்சேயைப் பார்” என்றார். சின்சே என்றால் சீன வைத்தியர். இங்கே நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்வோம்.

சின்சே நாற்பது நிமிடம் கொடுத்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தார். எங்கள் ஊர் வைத்தியரும் மூன்று விரலை வைத்துத்தான் நாடி பார்ப்பார் என்று சொன்னேன், சிரித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “சத்தம் கடல் அலை மாதிரியா, சில்வண்டு மாதிரியா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சில்வண்டு என்ற சொல்லை நான் அதுவரை அவரிடம் சொல்லவில்லை. அலையோ இடியோ போலத் திடீரென வந்தால் கல்லீரல் நெருப்பு, சில்வண்டு போல மெல்ல மெல்ல வந்தால் சிறுநீரகக் குறைவு என்று விளக்கினார். முழங்கால் வலிக்கிறதா? இடுப்பு? ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் ஆமாம். ஐம்பது தாண்டிய எந்த ஆணிடம் கேட்டாலும் ஆமாம்தான் வரும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தர் என் காதைப் புரிந்துகொண்டார் என்றே இருந்தது.

“சத்தம் காதில். நோய் சிறுநீரகத்தில்” என்று முடித்தார். என் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அவர் சொல்லும் சிறுநீரகம் ஸ்கேனில் தெரிகிற அவரைக்கொட்டை வடிவ உறுப்பு மட்டும் அல்ல. எலும்பு, மஜ்ஜை, தலைமுடி, அப்பா அம்மாவிடமிருந்து வந்த உயிர்ச்சக்தி, முதுமை எல்லாம் அதில் அடக்கம்.

மருந்தின் பெயர் ஆர் லுங் ட்ஸுவோ ட்ஸு வான். ‘ஆர் லுங்’ என்றால் செவிட்டுத்தன்மை, ‘வான்’ என்றால் உருண்டை. அது வந்த வழியைத் தேடிப் படித்தபோதுதான் எனக்கு அதன்மேல் உண்மையான மரியாதை வந்தது. சுமார் 2000 ஆண்டுப் பழமையான மஞ்சள் பேரரசர் மருத்துவ நூலிலேயே, சிறுநீரகத்தின் சக்தி காதோடு தொடர்புடையது, அது சீராக இருந்தால் காது ஐந்து சுரங்களையும் கேட்கும் என்று இருக்கிறது. சுங் வம்ச காலத்தில் சியென் யீ என்ற குழந்தை வைத்தியர் இருந்தார். உச்சிக்குழி மூடாத, வளர்ச்சி தள்ளிப்போன குழந்தைகளுக்காக, பெரியவர்களுக்கான எட்டுச் சரக்கு மருந்திலிருந்து சூடான இரண்டை நீக்கி ஆறாகக் குறைத்தார். அவர் முறைகளைத் தொகுத்த நூல் 1119இல் வந்தது. அந்த ஆறு சரக்கு மருந்து இன்றும் உலகம் முழுக்கச் சீன மருந்துக் கடைகளில் விற்கிறது. அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால் என் காது மருந்து. கைக்குழந்தைக்குச் செய்த மருந்து, தொள்ளாயிரம் வருடம் கழித்து, கப்பல் பட்டறையில் காது கெட்ட ஒரு தமிழனின் வாய்க்குள் போகிறது.

சீன அரசின் மருந்து நூலில் அளவு இருக்கிறது. வேக வைத்து வேக வைத்துக் கறுப்பாக்கிய ஷு தி ஹுவாங் கிழங்கு 160 கிராம். உருண்டையின் நிறமும் கருப்பட்டி வாசனையும் அதிலிருந்துதான் என்று நினைக்கிறேன். புளிப்பான ஒரு சிவப்புப் பழம் 80. நம் வள்ளிக்கிழங்கின் உறவுக்காரக் கிழங்கு 80. பைன் மர வேரில் வளரும் பூஞ்சை, ஒரு பூச்செடியின் வேர்ப்பட்டை, ஒரு சதுப்புநிலக் கிழங்கு மூன்றும் 60, 60, 60. கூடச் சேர்த்த இரண்டில் ஒன்று 20 கிராம் மூலிகை. இன்னொன்று 20 கிராம் காந்தக்கல். ஆமாம், சுட்டுப் பொடித்த காந்தக்கல்தான். அது கனமானது, தலைக்கு ஏறியதைக் கீழே இழுத்து நிறுத்தும் என்பது தர்க்கம். ஒரு ராத்திரி பத்து உருண்டையை அம்மியில் நசுக்கி, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை அதன்மேல் ஓட்டினேன். ஒன்றும் நகரவில்லை. அதை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. மனைவிதான் அம்மியைக் கெடுத்ததற்கு இரண்டு நாள் பேசவில்லை.

சரி, சிறுநீரகமும் காதும் என்பது வெறும் கற்பனையா? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் உடம்பில் முக்கியமாக இரண்டு இடங்களைத் தாக்கும்: சிறுநீரகம், உள்காது. ஆல்போர்ட் நோய் என்று பரம்பரை நோய் ஒன்று உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வில் இருக்கும் ஒரு வகைக் கொலாஜன் உள்காதிலும் இருப்பதால், ஒரே கோளாறில் இரண்டும் கெடும். சிறுநீர் பிரியக் கொடுக்கும் ஃபுரோசெமைடை வேகமாக ஏற்றினால் காது அடைத்துப் போகலாம். உப்பையும் பொட்டாசியத்தையும் செல்களின் எல்லை தாண்டி ஏற்றி இறக்குவது இரண்டு உறுப்புக்கும் அன்றாடத் தொழில், அதனால் ஒரே நஞ்சுக்கு இரண்டும் இரை.

இதைப் படித்த அன்று எனக்குப் பரவசம். 2000 வருடம் முன்பே சொல்லிவிட்டான் பார் என்று மனைவியிடம் கத்தினேன். நம் ஆட்கள் வாட்ஸப்பில் ‘அன்றே சொன்னார்கள் நம் முன்னோர்’ என்று அனுப்பினால் முகம் சுளிக்கிற ஆள் நான். சீனக்காரனுடைய முன்னோர் என்றதும் உடனே விழுந்துவிட்டேன்.

பிறகு கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். பழைய நூல் காதை மட்டும் சிறுநீரகத்தோடு முடிச்சுப் போடவில்லை. கண்ணைக் கல்லீரலோடு, மூக்கை நுரையீரலோடு, நாக்கை இதயத்தோடு, வாயை மண்ணீரலோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. ஐந்து துளைக்கு ஐந்து உறுப்பு. ஐந்து கல் எறிந்து ஒன்று மாங்காயில் பட்டால், பட்டதை மட்டும் சொல்லிக்கொண்டிருப்போம்.

காதும் சிறுநீரகமும் ஒரே நஞ்சுக்கு இரையாகும் கதை சீனாவிலேயே வேறொரு வழியில், மிகவும் துயரமான வழியில் தெரிய வந்தது. 2005 சீனப் புத்தாண்டு நிகழ்ச்சியில் 21 காது கேளாத கலைஞர்கள் ஆடிய ஆயிரம் கை தேவி நடனத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முன்னால் நின்ற தாய் லீஹுவா என்ற பெண், இரண்டு வயதில் காய்ச்சலுக்குப் போட்ட ஊசி மருந்தால் செவியிழந்தவர். ஜென்டாமைசின் குடும்பத்து ஊசிகள் அங்கே காய்ச்சலுக்கெல்லாம் தாராளமாகப் போடப்பட்ட காலம் அது. எல்லோருக்கும் காது போகவில்லை, சில குடும்பங்களில் மட்டும் கொத்தாகப் போனது. தாய் வழியாக மட்டும் கடத்தப்படும் ஒரு மரபணுப் பிழைதான் காரணம் என்று 1993இல் தெரிந்தது. அந்த ஆய்வில் ஓர் அரபு-இஸ்ரேலியக் குடும்பமும் மூன்று சீனக் குடும்பங்களும் இருந்தன. யார் வீட்டில் யாருக்கு எப்போது கேட்காமல் போனது என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததால் கிடைத்த விடை.

என் நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். நானும் எண்ணினேன். மருந்து ஆரம்பித்த அன்று முதல், தூங்கும் முன் சத்தத்துக்கு பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டேன். முதல் வாரம் 8, 7, 8. ஒரு மாதத்தில் 5. இரண்டாம் மாதக் கடைசியில் 4. ஆன்ட்டியிடம் சொன்னேன், அவர் முகமெல்லாம் பூத்தது. நண்பர்கள் இரண்டு பேரைச் சின்சேயிடம் அனுப்பினேன்.

மூன்றாம் மாத முடிவில் ஊருக்குப் போக வேண்டி வந்தது. அக்கா மகள் கல்யாணம். ஐந்து வாரம் இருந்தேன், மருந்து எடுத்துப் போகவில்லை. நோட்டை எடுத்துப் போயிருந்தேன். 4, 4, 3, 4. பந்தல் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற அன்று மட்டும் 7.

அப்போதுதான் என் நோட்டில் இருந்த ஓட்டை தெரிந்தது. மருந்துக்கு முந்தைய பக்கம் ஒன்றுகூட அதில் இல்லை. சத்தம் தாங்க முடியாத வாரத்தில்தானே ஆன்ட்டியிடம் புலம்பினேன்? மோசமான வாரத்தில்தான் யாரும் மருந்து தேடிப் போவோம். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் கொஞ்சம் நல்ல வாரமாகத்தான் இருக்கும். புட்டியில் உருண்டை இருந்தாலும் சரி, உளுந்து இருந்தாலும் சரி.

காது இரைச்சல் இதற்கென்றே பிறந்த நோய். 1953இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒவ்வொருவராகச் சத்தம் நுழையாத அறையில் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். ரீங்காரம், இரைச்சல், சில்வண்டு. ஆக, சத்தம் கிட்டத்தட்ட எல்லார் தலைக்குள்ளும் இருக்கிறது. மூளை அதை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது, எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் உள்ளே விட்டுவிடுகிறது. காதின் செல்கள் செத்து வரத்து குறைந்தால் மூளை வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். இப்படிப்பட்ட நோயில் நம்பிக்கையும், தூக்கமும், நாற்பது நிமிடம் கேட்ட ஒரு சின்சேயும் மார்க்கை மாற்றிவிட முடியும். நான் பொய் மார்க் போடவில்லை. 4 என்று எழுதிய ராத்திரி அது எனக்கு உண்மையிலேயே 4 தான். அது உருண்டையால் வந்த 4 தானா என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை சொல்லும் ஆய்வுகளைத் தேடினேன். சீன மூலிகையும் காதும் என்று தேடினால் ஆய்வுகளுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. அறுபது, எண்பது பேர். பாதிப் பேருக்கு மூலிகை, மீதிப் பேருக்கு பி12 வைட்டமின் ஊசியோ ரத்த ஓட்ட மாத்திரையோ. முடிவில் ‘மொத்தப் பலன் விகிதம்’ என்று ஓர் எண்: மூலிகைக்குத் தொண்ணூறு சொச்சம், மற்றதற்கு எழுபது சொச்சம். ‘குணமானவர், நன்கு தேறியவர், ஓரளவு தேறியவர்’ மூன்றையும் கூட்டினால் வருவது அந்த எண். லேசாகத் தேவலை என்று ஒருவர் சொன்னால் அவரும் பலன் பெற்றவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். அப்புறம் அந்த வைட்டமின் ஊசி காது இரைச்சலுக்கு வேலை செய்யும் என்று யார் நிரூபித்தார்கள்? நிரூபிக்காத ஒன்றை நிரூபிக்காத இன்னொன்று ஜெயித்தால் என்ன அர்த்தம்? போலி மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் மறைத்துச் செய்தவை மிகக் குறைவு.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போகும் நோயில் இந்த எண் இன்னும் ஏமாற்றும். அது பலருக்குத் தானாகவே திரும்பி வரும். 1980இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 61 சதவீதம் பேர் தேறினார்கள், போலி மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம் பேர். அதாவது சும்மா இருந்தாலே மூன்றில் ஒருவருக்கு ‘பலன்’. இந்த ஒரு நோய்க்கு மட்டும் சின்சே வேண்டாம், உருண்டை வேண்டாம், அன்றைக்கே காது டாக்டரிடம் ஓடுங்கள். ஸ்டீராய்டுக்கு நாள் தள்ளிப்போனால் வாய்ப்பும் தள்ளிப்போகும்.

எலி ஆய்வுகளும் உண்டு. என் மருந்தையே கிண்ணத்தில் வளர்த்த எலியின் உள்காதுச் செல்களில் ஜென்டாமைசினோடு சேர்த்து விட்டுப் பார்த்திருக்கிறார்கள், செல்கள் சாவது குறைந்திருக்கிறது. அருமைதான். ஆனால் அது மழை வரும்போது குடை பிடிப்பது. நான் 14 வருடம் நனைந்து முடித்தவன்.

இதைச் சொன்னால், வெள்ளைக்காரனுக்குச் சீன வைத்தியத்தின் மேல் பொறாமை என்று எங்கள் காப்பிக்கடை நண்பர் ஒருவர் சொல்வார். அவருக்காக இரண்டு ஆய்வுகள். 1998இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு கணக்கு எடுத்தார்கள். அவர்கள் மாற்று மருத்துவத்தை ஆராய்வதற்கென்றே லண்டனில் இருந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள், எதிரிகள் இல்லை. அக்குபங்சர் அல்லாத மருத்துவ ஆய்வுகளில், புதிய சிகிச்சைதான் மேல் என்று முடிந்தவை எந்த நாட்டில் எத்தனை? இங்கிலாந்து 75 சதவீதம். ரஷ்யா 97. சீனா 99. எறிந்த கல்லெல்லாம் மாங்காயில் பட்டால், எறிந்தவனைப் பாராட்டுவதற்கு முன் மரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாவது ஆய்வைச் செய்தவர்கள் சீனர்களே. 2009இல் வந்தது. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்தோம் என்று சீன இதழ்களில் எழுதிய ஆய்வாளர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எப்படிக் குலுக்கினீர்கள் என்று கேட்டார்கள். 2235 ஆய்வுகளின் ஆசிரியர்களிடம் பேசினார்கள். உண்மையான குலுக்கல் என்று தேறியவை 207. பலருக்குக் குலுக்கல் என்றால் என்னவென்றே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. சொந்த வீட்டுக் குப்பையைத் தாங்களே கூட்டி வாசலில் வைத்தார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை.

சரியாக எண்ணினால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அது வேறு மூலிகை, ஜிங்கோ. காது இரைச்சலுக்குச் சீனப் பாரம்பரிய மருந்து என்று இணையத்தில் விற்பார்கள். சீனர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தியது ஜிங்கோவின் கொட்டையை, அதுவும் இருமலுக்கும் இளைப்புக்கும். இலையிலிருந்து சாறு எடுத்து மாத்திரை ஆக்கியது 1960களின் ஜெர்மனி. ‘பாரம்பரியம்’ என்ற முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம்.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ட்ரூ, டேவிஸ் என்ற இருவர் 1121 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் வந்தது. எல்லாம் தபாலிலும் தொலைபேசியிலும். பாதிப் பேருக்கு ஜிங்கோ 50 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 12 வாரம். மீதிப் பேருக்கு அதே போல இருக்கும் போலி மாத்திரை. 12 வாரம் கழித்து, இரைச்சலின் தொல்லை குறைந்தது என்றவர்கள் ஜிங்கோ எடுத்த 360 பேரில் 34. போலி எடுத்த 360 பேரில் 35.

34, 35. இந்த இரண்டு எண்ணையும் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு அதில் பிடித்தது ஜிங்கோ தோற்றது அல்ல, அந்த 35 பேர். மாவு மாத்திரை தின்று, தொல்லை குறைந்தது என்று நேர்மையாகச் சொன்னவர்கள். அவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் அண்டை வீட்டுக்காரர் இருந்து, ‘எனக்குக் குணமாச்சு, நீயும் சாப்பிடு’ என்ற பேச்சைக் கேட்டிருப்பார். நானே இரண்டு பேரை அனுப்பியவன்தானே.

சின்சே இதை ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பப் போனபோது சொன்னார்: “எல்லா இரைச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுத்தால் தோற்கத்தான் செய்யும். நாங்கள் ஆளைப் பார்த்துத்தானே கொடுக்கிறோம்.” நியாயமான வாதம், ஒரு வாரம் என்னைக் குழப்பியது. பிறகு தோன்றியது: அதையும் சோதிக்க முடியுமே? முதலில் சின்சேயே நாடி பார்க்கட்டும், சில்வண்டுக்காரர்களை மட்டும் பிரிக்கட்டும், அவர்களுக்குள் குலுக்கிப் பாதிப் பேருக்கு உண்மை உருண்டை, பாதிப் பேருக்குப் போலி. அவர் வைத்தியத்தில் ஒரு மயிரிழையும் மாறாது. இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “போலி உருண்டை பெறுகிறவருக்கு அது அநியாயம் இல்லையா?” என்றார். உருண்டை வேலை செய்யும் என்று அவர் மனதார நம்புகிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை.

என்னை நிஜமாகப் பயமுறுத்தியது வேறொன்று. சின்சே கேட்ட முதல் கேள்விக்கு ‘கடல் அலை’ என்று நான் சொல்லியிருந்தால்? அது கல்லீரல் நெருப்பு. அதற்கு வேறு மருந்து, லுங் தான் ஷியே கான் வான். காது இரைச்சல், காது வீக்கம், காது வலி எல்லாம் அதன் உறைமேலேயே எழுதியிருக்கும். அதில் மு துங் என்று ஒரு கொடித்தண்டு சேரும். பழங்காலத்தில் போட்ட மு துங் வேறு. இருபதாம் நூற்றாண்டில் அதன் இடத்தில் குவான் மு துங் என்ற வேறு கொடி வந்து உட்கார்ந்துவிட்டது. பெயரில் பாதி ஒன்று, பார்க்கவும் ஒன்றுபோல. ஆனால் அது ஆடுதீண்டாப்பாளையின் இனம். அந்த இனத்தில் அரிஸ்டலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைச் சுருங்க வைக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் கொண்டுவரும்.

1964லேயே சீன மருத்துவர் ஒருவர் மு துங் குடித்துச் சிறுநீரகம் நின்றுபோன இரண்டு பேரைப் பற்றி எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரத்தில், உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நூறு பேருக்கு மேல். அங்கேயும் பெயர்க் குழப்பம்தான், ஒரு வேருக்குப் பதில் இதே குடும்பத்து இன்னொரு வேர். உலகம் விழித்தது. சீனாவில் லுங் தான் உருண்டையைக் காய்ச்சல் மாத்திரை போல ஆண்டுக்கணக்கில் தின்றவர்கள் டயாலிசிஸ் படுக்கையில் இருப்பது 2003 தொடக்கத்தில் செய்தியாக வெடித்தது. அந்த ஏப்ரலில் அரசு குவான் மு துங்கை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கி, பழைய மு துங்கையே போடச் சொன்னது. இன்றைக்கு வரும் உருண்டையில் அது இருக்கக் கூடாது.

காதுக்கு என்று தின்ற மருந்து சிறுநீரகத்தைத் தின்றிருக்கிறது. சிறுநீரகம்தான் காதின் வேர் என்று 2000 ஆண்டுகளாகச் சொல்லிவந்த வைத்தியத்தின் கைகளாலேயே. ஒரு வைத்தியர் மருந்து கொடுத்து, நோயாளி ஒரு வருடம் தின்று, ஐந்து வருடம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் போனால், நாடி பிடித்த மூன்று விரலுக்கும் அது தெரிய வழியே இல்லை. நோட்டுப் புத்தகம் இருந்தால்தான் தெரியும், அதுவும் என்னுடையது போன்ற நோட்டு போதாது. ஆங்கில மருந்திலும் இதே கதை உண்டு. தாய் லீஹுவாவின் ஊசி மேலே இருக்கிறது. அங்கேயும் குடும்பம் குடும்பமாக எண்ணிய பிறகுதான் ஊசி யாருக்கு ஆகாது என்று தெரிந்தது.

என் உருண்டையில் குவான் மு துங் இல்லை. இருந்தாலும் அந்த ராத்திரி சரக்குப் பட்டியலை நான்கு முறை படித்தேன்.

அப்புறம் காது டாக்டரிடமே திரும்பப் போனேன். இரைச்சலுக்கு என்று அங்கீகாரம் பெற்ற மாத்திரை அமெரிக்காவிலும் ஒன்றுகூட இல்லை என்றார். 2014இல் வந்த அமெரிக்கக் காது மருத்துவர்களின் வழிகாட்டி ஜிங்கோவும் துத்தநாக மாத்திரையும் வேண்டாம் என்கிறது, கேட்கும் திறன் குறைந்தவருக்குக் காது மெஷின் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. மனப்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. அந்தப் பயிற்சி சத்தத்தைக் குறைக்காது, சத்தத்தின் மேல் நமக்கிருக்கும் எரிச்சலைக் குறைக்கும். முதல் நாள் சொன்னதையேதான் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். இந்த முறை நான் உட்கார்ந்து கேட்டேன்.

மெஷின் மாட்டிய முதல் நாள் எனக்குக் கேட்ட முதல் சத்தம் என் சட்டைக் காலர் கழுத்தில் உரசுவது. பிறகு சாவிக்கொத்து. பிறகு, பத்து வருடமாக ஊமையாக இருந்த எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுவது. வெளியே இருந்து இத்தனை சத்தம் உள்ளே வந்ததும் சில்வண்டு கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டது. நோட்டில் 3. மெஷினுக்கு முந்தைய பக்கம் இந்த முறை இருக்கிறது, ஆனால் மெஷினுக்கும் போலி மெஷின் வைத்து நான் ஒப்பிடவில்லை என்பதால் அந்த 3ஐயும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கிறேன்.

போன வாரம் லிஃப்டில் ஆன்ட்டியைப் பார்த்தேன். கையில் அதே மருந்துக் கடைப் பை. “காது எப்படி இருக்கு, தம்பி?” என்றார். நன்றாக இருக்கிறது, இப்போது தூக்கம் வருகிறது என்றேன்.

“பார்த்தாயா? மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் செய்யும்” என்று என் தோளில் தட்டினார்.

அவர் நின்றது என் வலது பக்கம். மெஷின் இடது காதில்.